'சாலை மேம்பாடு' கணக்கில் எடுக்கப்பட்ட சினிமா... சத்யஜித் ரேவுக்கு மாநில அரசு பணம் கொடுத்தது எப்படி?

ஒரு சினிமாவுக்கு மாநில அரசு பணம் கொடுக்கலாமா? கொடுத்தால் அந்தப் படம் யாருக்குச் சொந்தம்? க்ளைமாக்ஸை மாத்துங்கன்னு அதிகாரிகள் சொன்னால் இயக்குநர் கேட்டுத்தான் ஆகணுமா?

மானியம், நிதியுதவி என்று எந்த மாநிலத்தில் அறிவிப்பு வந்தாலும் இந்தக் கேள்விகளும் கூடவே வரும். சுமார் 70 ஆண்டுகளுக்கு முன்பு, இதெல்லாம் ஒரே ஒரு படத்தை வைத்து மேற்கு வங்கத்தில் எழுந்தது. அந்தப் படம் 'பதேர் பாஞ்சாலி'. எடுத்தவர் அதுவரை ஒரு படம்கூட எடுக்காத, விளம்பர கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்த சத்யஜித் ரே.

யார் இந்த சத்யஜித் ரே?

1921 மே 2-ம் தேதி கொல்கத்தாவில் பிறந்தவர். தாத்தா உபேந்திரகிஷோர், அப்பா சுகுமார் ரே இருவருமே வங்காளத்தில் குழந்தைகளுக்காக எழுதிப் புகழ்பெற்றவர்கள். சொந்தமாக அச்சகம் வைத்திருந்த குடும்பம். ஆனால் ரேவுக்கு இரண்டரை வயது இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அச்சகமும் கைவிட்டுப் போனது. அம்மா சுப்ரபா மகனைக் கூட்டிக்கொண்டு தன் சகோதரர் வீட்டுக்குப் போய்விட்டார். தாய்மாமன் வீட்டில் வளர்ந்த பிள்ளைதான் ரே.

பிரசிடென்சி கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். பிறகு சாந்திநிகேதனில் ஓவியம். அங்கே நந்தலால் போஸ், பினோத் பிஹாரி முகர்ஜி ஆகியோரிடம் கற்றார். 1943-ல் 'டி.ஜே. கீமர்' என்ற பிரிட்டிஷ் விளம்பர நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்தபோது சம்பளம் மாதம் 80 ரூபாய்.

வேலைக்கு நடுவே புத்தகங்களுக்கு அட்டைப்படமும் உள்படங்களும் வரைந்து கொடுத்தார். அப்படி வந்த ஒன்றுதான் பிபூதிபூஷண் பந்தோபாத்யாய எழுதிய 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் பதிப்பு. ஒரு ஏழை கிராமத்துக் குடும்பம், அக்கா துர்கா, தம்பி அப்பு. படம் வரைய வாசித்த கதை, மனசைவிட்டுப் போகவே இல்லை.

1947-ல் நண்பர்களோடு சேர்ந்து கல்கத்தா ஃபிலிம் சொசைட்டி தொடங்கினார். பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் 'தி ரிவர்' படத்துக்காக வங்காளம் வந்தபோது இடம் பார்க்கக் கூடவே சுற்றினார். 1950-ல் ஆபீஸ் வேலையாக லண்டன் போனவர், சுமார் 6 மாதத்தில் 99 படங்கள் பார்த்தார். அதில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' என்ற இத்தாலியப் படம் ஒரு தைரியத்தைக் கொடுத்தது. ஸ்டார் வேண்டாம், செட் வேண்டாம், தெருவிலேயே எடுக்கலாம். கப்பலில் ஊர் திரும்பும்போதே காட்சிகளை வரைய ஆரம்பித்துவிட்டார்.

இன்ஷூரன்ஸ் கடன், மனைவியின் நகை

தயாரிப்பாளர்கள் ஒவ்வொருவராகப் பார்த்தார். பாட்டு இல்லை, டான்ஸ் இல்லை, ஹீரோ ஒரு சின்னப் பையன். யார் பணம் போடுவாங்க?

கடைசியில் இன்ஷூரன்ஸ் பாலிசி மேல் கடன் வாங்கினார். சேர்த்து வைத்திருந்த புத்தகங்கள், இசைத்தட்டுகள் விலைக்குப் போயின. மனைவி பிஜோயாவின் நகைகள் அடகுக்குப் போயின. 1952 அக்டோபர் 27-ம் தேதி முதல் ஷூட்டிங். அப்புவும் துர்காவும் நாணல் பூத்த வெளியில் ரயிலைப் பார்க்க ஓடும் காட்சி. கேமராமேன் சுப்ரத மித்ராவுக்கு வயது 20-ஐ ஒட்டித்தான். அவரும் அதுவரை சினிமா கேமராவை இயக்கியதில்லை.

அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பூ மொத்தத்தையும் மாடு மேய்ந்திருந்தது. மறுபடி பூக்க ஒரு வருஷம் ஆகும். வேலைக்குப் போகிறவர் என்பதால் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஷூட்டிங் என்பது வேறு சிக்கல்.

நடுவில் ஒரு தயாரிப்பாளர் வந்து கொஞ்சம் பணம் போட்டார். அவருடைய வேறு படங்கள் ஓடாததால் அதுவும் நின்றது. கிட்டத்தட்ட ஒரு வருஷம் கேமராவே ஓடவில்லை. குழந்தை நடிகர்கள் வளர்ந்துகொண்டே இருந்தார்கள். கிழவியாக நடித்த சுனிபாலா தேவிக்கு வயது சுமார் 80. அப்பு உயரமாகிவிட்டாலோ, பாட்டிக்கு ஏதாவது ஆகிவிட்டாலோ படம் அவ்வளவுதான்.

முதல்வர் வாசலுக்குப் போன கதை

இந்த இடத்தில்தான் ரேவின் அம்மா வருகிறார். மகன் நல்ல வேலையை வைத்துக்கொண்டு இப்படி அலைவதில் அவருக்குக் கவலை. அவருடைய தோழி ஒருவருக்கு முதல்வர் பிதான் சந்திர ராயைத் தெரியும். அந்தத் தொடர்பு மூலம்தான் ரே முதல்வரைச் சந்தித்தார்.

பி.சி. ராய் சாதாரண அரசியல்வாதி இல்லை. பெயர்பெற்ற டாக்டர். காந்திக்கே வைத்தியம் பார்த்தவர். இப்போது ஜூலை 1-ம் தேதி மருத்துவர் தினமாகக் கொண்டாடப்படுவது அவர் பிறந்தநாளில்தான். 1948 முதல் 1962 வரை மேற்கு வங்க முதல்வர். துர்காபூர், கல்யாணி என்று நகரங்களையே உருவாக்கியவர். தேசப் பிரிவினையில் வந்த அகதிகள் பிரச்னை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த நேரம் அது. சினிமா அவருடைய முன்னுரிமையாக இருந்திருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் எடுத்த வரைக்கும் படத்தைப் பார்த்தார், உதவச் சம்மதித்தார்.

அரசு உதவலாம், சரி. எந்தக் கணக்கில் கொடுப்பது?

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. அரசு ஒரு ரூபாய் செலவழித்தாலும் அது பட்ஜெட்டில் ஒரு தலைப்பின் கீழ் வர வேண்டும். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, சாலை... கதைப் படம் எடுப்பதற்கு ஒரு தலைப்பே அப்போது கிடையாது. சினிமாவுக்குக் கடன் கொடுக்க ஒரு நிதிக் கழகம் வேண்டும் என்று எஸ்.கே. பாட்டீல் தலைமையிலான விசாரணைக் குழு 1951-லேயே மத்திய அரசுக்குச் சொல்லிவிட்டது. ஆனால் ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் உருவானது 1960-ல்தான்.

'பதேர் பாஞ்சாலி' என்றால் வங்க மொழியில் 'பாதையின் பாடல்' என்று பொருள். பெயரில் பாதை இருக்கிறதே! சாலை மேம்பாடு என்ற கணக்கில் பணம் பதிவானது. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் சட்டப்படி கொடுக்க வழியில்லாத பணத்தைக் கொடுக்க மனசு இருந்த ஒரு நிர்வாகம் கண்டுபிடித்த சந்து அது.

அரசுப் பணம் என்றால் சும்மாவா?

பணம் மொத்தமாக வரவில்லை, தவணையாக வந்தது. ஒரு தவணை செலவானதும் கணக்கு ஒப்படைக்கணும். அது சரிபார்க்கப்பட்டு, கையெழுத்தாகி, அடுத்த தவணை வரும் வரை ஷூட்டிங் யூனிட் காத்திருக்கணும்.

இதனால் என்ன ஆச்சு? மழைக் காட்சிக்குப் பணம் தேவைப்பட்ட மழைக்காலத்தில் பணம் வரவில்லை. பணம் வந்தபோது அக்டோபர் ஆகிவிட்டது, வானம் வெளுத்துவிட்டது. யூனிட் தினமும் லொக்கேஷனுக்குப் போய் வானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒருநாள் கொட்டியது. துர்கா மழையில் ஆடி நனையும் புகழ்பெற்ற காட்சி அந்த அக்டோபர் மழையில் எடுத்ததுதான். நடுங்கிப்போன பிள்ளைகளுக்குச் சூடான பாலில் பிராந்தி கலந்து கொடுத்தார்களாம்.

அடுத்த சிக்கல் க்ளைமாக்ஸ். கதையில் அந்தக் குடும்பம் மகளை இழந்து ஊரைவிட்டே கிளம்பிவிடும். அரசு தரப்புக்கு இது உறுத்தியது. கிராம முன்னேற்றத் திட்டங்கள் நடக்கும் காலத்தில், அரசுப் பணத்தில் எடுக்கும் படத்தில், குடும்பம் ஊரைவிட்டுப் போவதா? ஊர் சேர்ந்து உதவி, அவர்கள் அங்கேயே தங்குவதுபோல் முடித்தால் என்ன என்ற யோசனை வந்தது. ரே மறுத்துவிட்டார். நாவலில் உள்ளதை மாற்ற முடியாது என்பது அவர் நிலை. இத்தனைக்கும் நாவலாசிரியர் உயிரோடு இல்லை. உரிமையைக் கொடுத்திருந்தது அவர் மனைவி. ரேயின் தாத்தா, அப்பா எழுத்துகள் மேல் இருந்த மதிப்பில், அனுபவமே இல்லாத ஒருவரை நம்பிக் கொடுத்த உரிமை அது.

ஆச்சரியம், அரசு பிடிவாதம் பிடிக்கவில்லை. பணமும் நிற்கவில்லை.

ஆனால் ஒரு விலை இருந்தது. தயாரிப்பாளர் என்ற இடத்தில் மேற்கு வங்க அரசின் பெயர் வந்தது. படத்தின் உரிமையும் அரசுக்குப் போனது. அதாவது, இதை மானியம் என்று சொல்வதைவிட ஒரு படத்தை அரசு விலைக்கு வாங்கியது என்று சொல்வதுதான் பொருத்தம். மானியம் என்றால் படைப்பு படைப்பாளியிடமே இருக்கும். இங்கே பிந்தைய லாபத்தில் ரேவுக்குப் பங்கு இல்லை. பணம் இல்லாமல் நின்ற மனிதர், கையெழுத்துப் போடும்போது இதையெல்லாம் பேரம் பேசும் நிலையில் இல்லை.

மொத்தச் செலவு சுமார் ஒன்றரை லட்சம் ரூபாய். ரவிசங்கர் இசையை ஒரே இரவில், 11 மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார். நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் படத்தைத் திரையிட முன்பே ஆர்வம் காட்டியிருந்தது. அந்தத் தேதிக்காக எடிட்டர் துலால் தத்தா ராப்பகலாக உட்கார்ந்தார். 1955 மே 3-ம் தேதி நியூயார்க்கில் முதல் திரையிடல். ஆகஸ்ட் 26-ம் தேதி கொல்கத்தாவில் ரிலீஸ். முதலில் சுமாராகப் போய், பிறகு வாய்வழியாகவே கூட்டம் சேர்ந்தது.

சுனிபாலா தேவி ரிலீஸைப் பார்க்க உயிரோடு இல்லை. அதற்கு முன்பே அவர் வீட்டுக்குப் புரொஜெக்டரைக் கொண்டுபோய் ரே படத்தைப் போட்டுக் காட்டிவிட்டார்.

இந்தியாவின் வறுமையை வெளிநாட்டில் காட்டுவதா என்று அரசு வட்டாரத்திலேயே முணுமுணுப்பு எழுந்தது. பிரதமர் நேரு படத்தைப் பார்த்து ஆதரவாக நின்றார். 1956 கான் விழாவில் சிறந்த மனித ஆவணத்துக்கான விருது, அதற்கு முன்பே ஜனாதிபதியின் தங்கப் பதக்கம். அமெரிக்காவில் 1958-ல் ரிலீஸாகி ஒரே தியேட்டரில் மாதக்கணக்கில் ஓடியது. போட்ட பணத்தைத் தாண்டி அரசுக்கு லாபம். சாலைக் கணக்கில் போன பணம் இப்படித் திரும்பி வந்தது மேற்கு வங்க வரலாற்றில் வேறு உண்டா தெரியாது!

அதற்குப் பிறகு?

ரே வேலையை விட்டு முழுநேர இயக்குநரானார். 'அபராஜிதோ' 1957-ல் வெனிஸில் தங்கச் சிங்கம் வென்றது. பிறகு வந்த படங்களின் பட்டியல் ஊருக்கே தெரியும். ஆனால் அரசுப் பணத்தோடு அவருக்கு இருந்த உறவு முதல் படத்தோடு முடியவில்லை.

1961-ல் தாகூர் நூற்றாண்டுக்கு மத்திய அரசுக்காக ஆவணப்படம் எடுத்தார். அது சுமுகமாகப் போனது. 1971-ல் அப்போது தனி அரசாக இருந்த சிக்கிமின் மன்னருக்காக எடுத்த 'சிக்கிம்' படத்துக்கு நேர்ந்தது வேறு. அரண்மனைக்குப் பிடிக்காத காட்சிகளை வெட்ட வேண்டி வந்தது. 1975-ல் சிக்கிம் இந்தியாவோடு இணைந்ததும் படத்துக்கே தடை. தடை நீங்கியது 2010-ல்.

தமிழ்நாட்டுக்கும் இதில் இடம் உண்டு. 14 வயதில் கொல்கத்தாவில் டி. பாலசரஸ்வதியின் நடனத்தைப் பார்த்தவர் ரே. பல ஆண்டுகள் தள்ளிப்போன ஆசை 1976-ல் 'பாலா' என்ற சுமார் அரை மணி நேர ஆவணப்படமானது. மும்பையின் தேசிய நிகழ்த்துகலை மையத்தோடு சேர்ந்து இதற்குப் பணம் போட்டது தமிழ்நாடு அரசு. மாமல்லபுரம் கடற்கரையில் காற்றில் புடவை பறக்க பாலசரஸ்வதி 'கிருஷ்ணா நீ பேகனே' ஆடும் காட்சி இன்று வரை பேசப்படுகிறது. அப்போது அவருக்கு வயது 58. எட்டு வருஷத்தில் மறைந்தும்விட்டார். அந்தப் பணம் ஒதுக்கப்படாமல் போயிருந்தால், அவர் அபிநயத்தை ரேவின் கேமரா வழியாகப் பார்க்கும் வாய்ப்பு அடுத்த தலைமுறைக்கு இல்லை.

1980-ல் இன்னொரு வேடிக்கை. மேற்கு வங்க அரசு மறுபடி ரேவுக்குத் தயாரிப்பாளர் ஆனது. இந்த முறை ஆட்சியில் இடதுசாரிகள். படம் 'ஹீரக் ராஜார் தேஷே'. மக்களின் மூளையைச் சலவை செய்ய மெஷின் வைத்திருக்கும் ஒரு கொடுங்கோல் ராஜா, பள்ளிக்கூடத்தை மூடுகிறான். கடைசியில் அவன் சிலையை மக்கள் கயிறு கட்டி இழுத்துத் தள்ள, ராஜாவே ஓடிவந்து கயிறு பிடிக்கிறான். நெருக்கடி நிலையை மனதில் வைத்து எடுத்த படமாகத்தான் பலரும் பார்த்தார்கள். ஆனால் சிலை வைக்கும் எந்த ஆட்சிக்கும் அந்தக் க்ளைமாக்ஸ் பொருந்தும். அதை ஓர் அரசே செலவு செய்து எடுத்தது.

1985-ல் மாநில அரசு கொல்கத்தாவில் 'நந்தன்' திரைப்பட மையத்தைக் கட்டியபோது திறந்து வைத்தவரும் ரேதான், சின்னத்தை வரைந்து கொடுத்தவரும் ரேதான். 1992-ல் ஆஸ்கர் கௌரவ விருது ஆஸ்பத்திரிப் படுக்கைக்கே வந்தது. அதே வருஷம் பாரத ரத்னா. ஏப்ரல் 23-ம் தேதி 70 வயதில் காலமானார்.

அடுத்த ஆண்டு லண்டன் லேப் ஒன்றில் ஏற்பட்ட தீவிபத்தில் 'பதேர் பாஞ்சாலி' உள்ளிட்ட படங்களின் ஒரிஜினல் நெகட்டிவ் கருகிப்போனது. கருகிய சுருள்களைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். பல வருஷம் கழித்து இத்தாலியில் ஒவ்வொரு ஃபிரேமாகச் சரிசெய்து, 2015 மே மாதம் அதே நியூயார்க் அருங்காட்சியகத்தில் மறுபடி திரையிட்டார்கள். டைட்டிலில் தயாரிப்பு: மேற்கு வங்க அரசு.