முகத்தை மறைத்த பேரழகி

ஆஸ்திரியா மகாராணி எலிசபெத்தின் கதை

ஐரோப்பாவிலேயே பெரிய அழகி என்று பெயர் எடுத்தவள் அவள். ஆனால், விசிறியாலும் குடையாலும் முகத்தை மறைத்துக்கொண்டுதான் வெளியே போனாள். காரணம் என்ன?

அவள் பெயர் எலிசபெத். செல்லப்பெயர் சிசி. ஜெர்மனியில் உள்ள மியூனிக் நகரில், 1837-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி பிறந்தாள். சிறு வயதில் குதிரை ஏறுவாள். மலையிலும் ஏரிக்கரையிலும் ஓடித் திரிவாள்.

அக்காளுக்குப் பார்த்த மாப்பிள்ளை

1853-ல் ஆஸ்திரியாவின் சக்கரவர்த்தி பிரான்ஸ் ஜோசப்புக்கு எலிசபெத்தின் அக்காளைப் பேசினார்கள். பெண் பார்க்க வந்தவர், 15 வயதுத் தங்கையைப் பார்த்து மயங்கிவிட்டார். மறு ஆண்டு ஏப்ரல் மாதம் வியன்னா நகரில் திருமணம் நடந்தது.

மாமியார் சோபியா அவளுக்குப் பெரியம்மாள் முறை. பெண்ணின் பற்கள் மஞ்சளாக இருக்கின்றன என்று அவள் குறை சொன்னாள். எலிசபெத்தோ உதட்டை அதிகம் திறக்காமல் பேசிப் பழகிவிட்டாள்.

பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பையும் மாமியாரே எடுத்துக்கொண்டாள். ஆனால், எலிசபெத்தின் அழகை மட்டும் ஊரே புகழ்ந்தது. அந்த அழகுதான் தன் ஒரே சொத்து என்று அவள் நினைக்கத் தொடங்கினாள்.

தினமும் எடை

அவள் கூந்தல் கணுக்கால் வரை நீண்டிருந்தது. அதை வாரிப் பின்னத் தினமும் 2, 3 மணி நேரம் ஆகும். உதிர்ந்த முடிகளைத் தட்டில் வைத்து அவளிடம் காட்ட வேண்டும்.

உயரம் 5 அடி 8 அங்குலம். எடையோ சுமார் 50 கிலோதான். இடுப்புச் சுற்றளவு 20 அங்குலம். 4 பிள்ளைகளைப் பெற்ற பிறகும் அப்படியே இருக்கப் பாடுபட்டாள். தினமும் எடை பார்ப்பாள். எடை கூடினால் சாப்பாட்டைக் குறைப்பாள். மணிக்கணக்கில் நடப்பாள். அரண்மனையில் உடற்பயிற்சிக்குத் தனி அறையே இருந்தது. பட்டினியால் கால்கள் வீங்கியது உண்டு.

இவ்வளவு செய்தும் மனம் நிறையவில்லை. 30 வயதைத் தாண்டியதும், புகைப்படம் எடுக்க உட்காருவதையே நிறுத்திவிட்டாள். வயதாகும் முகத்தை யாரும் பார்க்கக் கூடாதாம்!

1889-ல் ஒரே மகன் ருடால்ப் இறந்தான். அதன் பிறகு கறுப்பு உடையுடன் ஊர் ஊராகச் சுற்றினாள்.

கச்சை மறைத்த காயம்

1898-ம் ஆண்டு செப்டம்பர் 10-ந் தேதி, சுவிட்சர்லாந்தில் உள்ள ஜெனீவா நகரில் கப்பல் ஏற நடந்து போனாள். லூகேனி என்ற இத்தாலியன் பாய்ந்து வந்து, கூர் தீட்டிய அரத்தால் மார்பில் குத்தினான். இடுப்பை இறுக்கியிருந்த கச்சையால் இரத்தம் உடனே வெளியே வரவில்லை. குத்துப்பட்டது தெரியாமலே எழுந்து நடந்து, கப்பலில் ஏறி, மயங்கி விழுந்தாள். கச்சையைத் தளர்த்திய பிறகுதான் காயம் தெரிந்தது. சற்று நேரத்தில் உயிர் பிரிந்தது. வயது 60.

பிறர் கண்ணால் தன் உடலைப் பார்ப்பவருக்கு வெட்கமும் அதிருப்தியும் வளரும் என்று, 1997-ல் பிரெட்ரிக்சன், ராபர்ட்ஸ் என்ற இரு அமெரிக்க மனநூல் அறிஞர்கள் விளக்கினார்கள். அழகு குறைந்தவர்களுக்கு மட்டும் வரும் துன்பம் அல்ல இது. பேரழகி எலிசபெத்தையே அது விடவில்லை.

வீட்டில் வளரும் பெண்ணின் நிறத்தையும் பல்லையும் பருமனையும் குறை சொல்வது தவறு. அழகை மட்டுமே புகழ்வதும் அவளுக்கு நல்லது அல்ல. அவள் படிப்பையும் திறமையையும் நல்ல குணத்தையும் பாராட்டுங்கள்.