ஸ்ரீ ஜி. டி. நாயுடுவும் சுதேசி யந்திரமும்

ஆனைமலைத் தொடரில் வால்பாறையைச் சூழ்ந்துள்ள தேயிலைத் தொழிற்சாலைகள் முற்காலத்தில் எவ்வாறு ஓடின என்பதை அறிந்தோர் நமது தேசாபிமானிகளில் மிகச் சிலரே. கட்டிடத்தின் ஒரு கோடியில் நீராவி யந்திரமோ எண்ணெய் எஞ்சினோ நிற்கும். கூரையை ஒட்டி நெடுகிலும் ஓர் இரும்புத் தண்டு சுழலும். அத்தண்டில் வரிசையாகக் கோத்த புல்லிகளினின்றும் தோல் பெல்ட்டுகள் இறங்கி, இலையை உருட்டும் யந்திரத்தையும், உலர்த்தும் விசிறியையும், தூளைத் தரம் பிரிக்கும் சல்லடையையும் ஓட்டும். இந்த வரிசையில் ஒரு பல்சக்கரத்தின் ஒரு பல் முறிந்தாலும் வேலை தடைப்பட்டுவிடும். பறித்த இலையோ காத்திராது. அளவுக்கு மிஞ்சிப் புளித்துக் கெடும். மாற்றுச் சக்கரம் இங்கிலாந்திலுள்ள கெயின்ஸ்பரோவிலிருந்தோ, அயர்லாந்திலுள்ள பெல்பாஸ்டிலிருந்தோ கப்பலேறி வந்து, பொள்ளாச்சியிலிருந்து மலையேற வேண்டும். மலை நம்முடையது, இலை கிள்ளிய கைகள் நம்முடையவை, சக்கரத்தின் பல் மட்டும் அன்னியருடையது.

அந்த மலையின் அடிவாரமாகிய பொள்ளாச்சியிலேதான், 1920-ஆம் வருஷத்தில், ஒரு மோட்டார் பஸ்ஸை வைத்துக்கொண்டு தமது பெருந்தொழிலைத் தொடங்கினார் ஸ்ரீ கோபால்சாமி துரைசாமி நாயுடு. ஜி. டி. நாயுடு என்றவுடன் ஜனங்கள் முகக்ஷவரம் செய்யும் மின்சார ரேஸரையும், பழரசம் பிழியும் கருவியையும், மண்ணெண்ணெயில் சுழலும் விசிறியையும் நினைவுகூர்ந்து வியப்பது வழக்கம். அவரை ஒரு செப்பிடுவித்தைக்காரராக ஆக்கிவிட்ட இந்த வியப்பு அவருக்குச் செய்த நியாயமாகாது என்பது நமது அபிப்பிராயம். சக்தியை உண்டாக்கும் யந்திரத்தையும், அச்சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் உறுப்புகளையும் நாமே செய்து, நாமே செப்பனிடக் கற்கவேண்டும் என்பதே அவர் வாழ்க்கையின் சாரம். மற்றவை அதன் கிளைகளே.

அவர் 1893-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 23-ந் தேதி கோயமுத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தாயாரை இளமையிலேயே இழந்தார். பள்ளிப்படிப்பு ஆரம்ப வகுப்புகளைத் தாண்டவில்லை. அவருக்குக் கல்வி புகட்டியது ஒரு மோட்டார் சைக்கிள். வெள்ளைக்கார ரெவினியூ அதிகாரி ஒருவர் ஊர்ப்புறத்தில் ஓட்டிவந்த 1912-ஆம் வருஷத்து ரட்ஜ் வண்டியைக் கண்ட அந்த இளைஞர், மாடும் குதிரையும் இன்றி ஒரு வண்டி ஓடும் மர்மத்தை அறியாமல் அமைதியுற முடியவில்லை. கோயமுத்தூருக்கு வந்து, ஒரு ஹோட்டலில் பரிமாறுபவராக அமர்ந்து, சுமார் மூன்று வருஷம் பணம் சேர்த்து, அவ்விதமான வண்டி ஒன்றை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் அவர் செய்த முதற் காரியம், அதை ஊரெல்லாம் ஓட்டிக் காட்டியதன்று. ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றிப் போட்டுவிட்டு மீண்டும் பூட்டியதுதான். எத்தனை கலாசாலைகள் இந்தப் பாடத்தை இன்றும் இவ்வளவு நேராகக் கற்பிக்கின்றன?

இடையில் திருப்பூரில் பருத்தி அரைக்கும் தொழிலில் பொருளீட்டினார். பம்பாய்ப் பருத்திச் சந்தையில் அப்பொருளைத் தோற்றார். அந்த அத்தியாயத்தை நீட்டுவதற்கில்லை. பிறகு கோயமுத்தூர் ஆலை முதலாளியாகிய ராபர்ட் ஸ்டேன்ஸ் துரையின் உதவியால் ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டலானார். அந்த ஒரு வண்டியே யு. எம். எஸ். என்னும் பெரிய போக்குவரத்து ஸ்தாபனமாக வளர்ந்தது. குறித்த நேரத்துக்கு வண்டி புறப்படும் என்ற நம்பிக்கையைக் கொங்குநாட்டு ஜனங்களுக்கு ஊட்டியவர் அவரே.

பஸ் தொழிலில் பணம் குவித்தவர் பலர். நாயுடு அவர்களிடமிருந்து வேறுபட்டது பட்டறையில்தான். எஞ்சின் எவ்வளவு வல்லமை பெற்றிருந்தாலும், கிளச்சு, கியர்ப்பெட்டி, நீண்ட தண்டு, பின் அச்சிலுள்ள பல்சக்கரங்கள் ஆகிய யாவும் பழுதின்றி இருந்தாலொழிய வண்டி ஓரடியும் நகராது. பழனி சாலையின் புழுதியும் பள்ளமும் இவ்வுறுப்புகளைத் தின்றுவந்தன. உறுப்பு ஒவ்வொன்றுக்கும் சீமையை எதிர்பார்த்தால் தொழில் நடவாது. ஆகவே பட்டறையே அவருக்குப் பள்ளிக்கூடமாயிற்று; அவரிடம் வேலைக்கு வந்த கிராமத்துப் பையன்களுக்கும் அதுவே பள்ளிக்கூடம்.

இச்சமயத்தில் கொங்குநாட்டின் தலையெழுத்தை மாற்றிய சம்பவம் ஒன்று நிகழ்ந்தது. 1932-ஆம் வருஷத்தில் நீலகிரியிலுள்ள பைக்காரா நீர்மின் நிலையம் வேலை தொடங்கியது. மலிவான மின்சாரம் சமவெளிக்கு இறங்கிவந்தது, பஞ்சாலைகள் பெருகின. ஆழ்ந்த கிணறுகளில் எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்துவந்த குடியானவனும் கம்பியை நோக்கினான். ஆனால் கம்பி வந்தென்ன? கம்பியில் வரும் சக்தியைச் சுழற்சியாக மாற்றும் மோட்டார் அன்னிய நாட்டுச் சரக்காகவே இருந்தது. 1937-ஆம் வருஷத்தில் பீளமேட்டிலுள்ள நாயுடுவின் நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ் தொழிற்சாலையிலிருந்து இந்தியாவிலேயே செய்யப்பெற்ற முதல் மின்சார மோட்டார் வெளிவந்தது. அதன் அமைப்பை வகுப்பதில் முன்னின்றவர் ஸ்ரீ டி. பாலசுந்தரம் நாயுடு. இப்பெருமையில் அவருக்குரிய பங்கைக் குறைத்துக் கூறுவது தகாது.

இதன் பொருளை யந்திரசாலையை அறியாத நேயர்கள் சற்று ஊன்றிக் கவனிக்கவேண்டும். ஒரே தண்டிலிருந்து பல பெல்ட்டுகள் மூலம் ஆலை முழுவதையும் ஓட்டும் பழைய முறையில், சக்தியின் ஒரு பகுதி தண்டின் உராய்விலும் பெல்ட்டின் நழுவலிலும் வீணாயிற்று. தண்டு நின்றால் எல்லா யந்திரங்களும் நின்றன. ஒவ்வொரு யந்திரத்துக்கும் தனி மோட்டார் என்னும் முறை வந்ததும் அந்த அடிமைத்தளை அறுந்தது. ஆயினும் பல்சக்கரத்துக்கும் பெல்ட்டுக்கும் வேலை குறையவில்லை. மாறாக, அவற்றின் தரம் முன்னிலும் முக்கியமாயிற்று. வேகமாய்ச் சுழலும் மோட்டாரை மெதுவாய் இயங்கவேண்டிய யந்திரத்தோடு இணைப்பவை அவையே.

தேயிலையையே உதாரணமாகக் கொள்வோம். 1930-ஐ ஒட்டி அஸ்ஸாமில் தோன்றிய சி. டி. சி. என்னும் யந்திரத்தில், பல் வெட்டிய இரண்டு உருளைகள் ஒன்றுக்கொன்று எதிராகச் சுழல்கின்றன. ஒன்று ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்தில் மற்றது சுமார் பத்துச் சுற்றுச் சுற்றவேண்டும். இந்தக் கணக்குத் தவறினால் இலை நசுங்குமேயன்றிச் சரிவர வெட்டுப்பட்டுச் சுருளாது. அக்கணக்கைக் காப்பது பல்சக்கரம். பல்லின் வளைவு மயிரிழை பிசகினாலும் சக்கரம் இரையும், சூடேறும், தேயும். பல்லின் மேற்புறம் உரசலைத் தாங்கும் கடினமும், உட்புறம் அதிர்ச்சியைத் தாங்கும் உறுதியும் பெற்றிருக்கவேண்டும். எஃகைச் சூடேற்றும் அளவிலும் குளிர்விக்கும் முறையிலும் தேர்ச்சி பெற்ற கைகளாலன்றி இது ஆகாது. கோஷத்தினாலும் ஊர்வலத்தினாலும் ஒரு பல்சக்கரமும் உண்டானதில்லை என்பதை நமது ஊழியர்கள் உணரவேண்டும்.

நாயுடு இதை உணர்ந்திருந்தார். 1941-ஆம் வருஷத்தில், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தரமுடியும் என்று அறிவித்தார். 1944-இல் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பிலிருந்து விலகி, தர்மத்திலும் தொழிற் கல்வியிலும் கருத்தைச் செலுத்தினார். 1945-இல், அப்போதைய சென்னை கவர்னரின் பெயரால், ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும் ஆர்தர் ஹோப் தொழிற் கலாசாலையும் அவரது நன்கொடையைக் கொண்டு ஏற்பட்டன. அவரே பிரின்சிபாலாகவும் அமர்ந்தார். நான்கு வருஷப் படிப்பு காலவிரயம், பட்டறையோடு இணைத்தால் இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. சர்க்கார் இணங்கவில்லை, அவர் பதவியை விட்டு விலகினார்.

இவ்விஷயத்தில் அவர் கூறியது முழுவதும் சரியென்று நாம் சாதிக்கவில்லை. பல்லின் வளைவுக்குக் கணிதம் வேண்டும். கணிதத்துக்குக் காலம் வேண்டும். எல்லோரும் ரட்ஜ் வண்டியைக் கழற்றிக் கற்ற நாயுடு ஆகிவிட முடியாது. ஆனால் கையில் எண்ணெய் படாமலே எஞ்சினீயர் பட்டம் பெறும் முறையை அவர் இகழ்ந்ததில் தவறு யாது?

அன்னிய சர்க்கார் அவரை மதியாதது வியப்பன்று. நமது சர்க்காரும் அவ்வாறே நடந்துகொண்டதுதான் வருந்தத்தக்கது. 1952-ஆம் வருஷத்தில் இரண்டு பேர் அமரத்தக்க சிறிய பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலையில் தரும் திட்டத்தை அவர் வெளியிட்டார். அதற்கு முந்திய வருஷத்தில்தான் தொழில் லைசென்ஸுக்கான சட்டம் பிறந்திருந்தது. அவருக்கு லைசென்ஸ் மறுக்கப்பட்டது, கார் கைவிடப்பட்டது. அந்த விலையில் அதைத் தொடர்ந்து செய்திருக்கமுடியுமா என்று ஐயுறுவோர் உண்டு. செய்து பார்க்க விட்டிருந்தால் ஐயம் தீர்ந்திருக்கும்.

அவரிடம் குறை இல்லாமலில்லை. சிறைசென்ற தியாகிகளின் ஜாபிதாவில் அவர் பெயர் கிடையாது. முப்பதுகளில் ராஜதானிச் சட்டசபைத் தேர்தலில் நின்று தோற்றதோடு அவரது அரசியல் ஏறக்குறைய முடிந்தது. அதைக் காட்டிலும் பெரிய குறை, ஒன்றில் நிலைத்து நில்லாமை. ரேஸர், காமிரா உறுப்பு, வோட்டுப் பதியும் யந்திரம், ஆளுயரத்துக்கு மிஞ்சிய பருத்திச் செடி என்று அவர் மனம் தாவிக்கொண்டே இருந்தது. ஒரே பொருளை, ஒரே தரத்தில், லட்சக்கணக்கில் செய்யும் பொறுமை அவருக்கு வாய்க்கவில்லை. அப்பொறுமை மற்றவர்களுக்கு வாய்த்தது. பாலசுந்தரம் நாயுடு டெக்ஸ்டூல் கம்பெனியை நிறுவினார். 1962-இல் நூற்பு யந்திரங்கள் செய்வதற்காக லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸ் ஏற்பட்டது. எழுபதுகளில் பல்சக்கரங்களுக்கும் கியர்ப்பெட்டிகளுக்கும் என்றே சாந்தி கியர்ஸ் கோவையில் வளர்ந்தது. இவற்றைச் சுற்றித் தெருத்தோறும் கடைசல் பட்டறைகளும் பவுண்டரிகளும் முளைத்தன. பிள்ளையை அரிச்சுவடிக்கு அனுப்புவது போலவே லேத்துக்கு அனுப்பும் ஊர் இது என்று கோவைக்குப் பேர் வந்தது.

நாயுடு 1974-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 4-ந் தேதி காலமானார். அவர் நன்கொடையால் எழுந்த கலாசாலை இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக வேறிடத்தில் நடைபெறுகிறது. அது தொடங்கிய பீளமேட்டுப் பக்கத்தில், பஸ் நிறுத்தத்துக்கு இன்னும் ஹோப் காலேஜ் என்றே பெயர் வழங்குகிறது. 2025-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அந்த நிறுத்தத்துக்கு மேலாக, அவிநாசி சாலை நெடுகிலும் திறந்துவைக்கப்பட்ட மேம்பாலத்துக்கு ஜி. டி. நாயுடுவின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.