கிருபாபாய் சத்தியநாதன் அம்மையார்

ஆங்கிலத்தில் நாவல் எழுத முன்வந்த இந்தியப் பெண்மணிகளுள் முன்னோடியாய் விளங்கியவர் கிருபாபாய் சத்தியநாதன் அம்மையார். அவர்தம் முதல் நாவல் வெளிவந்தது ஒரு கல்லூரிப் பத்திரிகையிலேயாம். ஆதலின் இம்மலரில் அவர் வரலாற்றைச் சுருங்கக் கூறுதல் பொருத்தமென எண்ணுகின்றோம்.

அம்மையார் 1862-ஆம் ஆண்டு பம்பாய் மாகாணத்து அகமத்நகரில் பிறந்தார். பெற்றோர் அந்தணர் குலத்தினின்று கிறிஸ்து மார்க்கத்தைத் தழுவியவர். பதினான்கு மக்களுள் இவர் பதின்மூன்றாமவர். இளமையிலேயே தந்தையை இழந்த இவருக்குத் தமையனார் பாஸ்கரே ஆசானும் தோழருமாய் அமைந்து, கல்வியில் வேட்கையை மூட்டினார். அவரும் இளவயதிலேயே மாண்டார். அத்துயரம் அம்மையாரை விட்டு நீங்கவேயில்லை.

மருத்துவம் பயில இங்கிலாந்து செல்லும் வாய்ப்பு வந்தும், உடல் நலிவு தடையாயிற்று. எனவே 1878-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். முதலாண்டில் நன்கு தேறினார். ஆயினும் நோய் முற்றவே அப்படிப்பும் முறிந்தது. பின்னர்ச் சாமுவேல் சத்தியநாதனை மணந்து, உதகமண்டலத்தில் வாழுங்காலத்து முகம்மதியச் சிறுமியர்க்கென ஒரு பள்ளி தொடங்கினார்.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில் 1887, 1888-ஆம் ஆண்டுகளில் தொடர்ந்து வெளிவந்தது அவருடைய 'சகுணா'. தம் வரலாற்றையே கதையாக்கி, மறைந்த தமையனாருக்கு அதில் அழியாவுரு அளித்தார். மலையும் வெளியும் கவிதைபோல் எழில் பெறும் அந்நூலில் இருளும் உண்டு. கணவன் சமயம் மாறியதால் சுற்றத்தை இழந்து தவிக்கும் தாயின் வேதனையை அவர் மறைத்திலர். இந்தியக் கிறிஸ்தவரைத் தாழ்வாக நடத்திய மிஷன் மாதர் சிலரின் செருக்கையும் மறைத்திலர். மிஷன் கல்லூரியிற் பயிலும் நாம் இப்பகுதியை விரைந்து கடந்து செல்லுதல் தகாது. தம் சமயத்தின்பால் கொண்ட அன்பு குன்றாமலே அவர் இக்குறையை எடுத்துரைத்தார்.

தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் பள்ளிப்பட்டினராகிய எமக்கு இந்நூல் பிறிதொரு வகையிலும் அணித்தாயிற்று. மராத்தி பேசும் இல்லத்திற் பிறந்து, தமிழ்நாட்டில் வாழ்ந்து, ஆங்கிலத்தில் எழுதினார் அம்மையார். வீட்டில் ஒரு மொழியும் நூலில் வேறொரு மொழியுமாக வளர்வோர், வீட்டின் துயரை எம்மொழியிற் சொல்வதென மயங்குவதுண்டு. அத்தகையோர்க்கு அவர் வாழ்வு ஒரு வழி காட்டுகின்றது.

அம்மையாரின் ஒரே மகவு ஓராண்டு நிரம்புமுன் இறந்தது. அதன்பின் நோயோடு போராடியவாறே 'கமலா' என்னும் இரண்டாம் நாவலை எழுதி முடித்தார். 1894-இல் தம் 32-ஆம் வயதில் காலமானார். 'சகுணா' நூலுருப் பெற்றது 1895-இல். அதனை அவர் கண்டிலர்.

மருத்துவராகிப் பிறர் நோய் தீர்க்க விழைந்தவர்க்கு அவ்வாழ்வு கிட்டவில்லை. கிட்டிய சில ஆண்டுகளில், இழந்தோரை எழுத்தில் நிலைபெறச் செய்தார். தம் குடும்பக் கதையை எழுத விழைந்தும் அஞ்சி நிற்கும் மாணவ மாணவியர் 'சகுணா'வை ஒருமுறையேனும் கற்பாராக.