பங்களாவை விட்டுக் கூடாரத்துக்கு வந்த ராக்லண்ட் ஐயர்

சங்கரன்கோவில்:

ஆடித்தபசு என்றால் சங்கரன்கோவில். கோமதி அம்மன் தபசைப் பார்க்கச் சுற்று வட்டாரமே திரண்டு வந்துவிடும். அதே வட்டாரத்தின் கிராமங்களில் சி.எஸ்.ஐ. சபைகளும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மணிச்சத்தம் கேட்கும்.

சங்கரன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர், சிவகாசி, சாத்தூர் பக்கமெல்லாம் 170 வருடத்துக்கு முன்பு ஊர் ஊராக அலைந்து திரிந்தவர் ஒரு வெள்ளைக்காரர். கேம்பிரிட்ஜில் கணக்குப் படித்த மேதை. கடைசியில் சிவகாசியிலேயே உயிரை விட்டார். அவர் பெயர் தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட். நெல்லைச் சீமையில் பாதிரியாரை ஐயர் என்று கூப்பிடுவது வழக்கம். அதனால் இவர் ராக்லண்ட் ஐயர்.

கணக்கில் புலி

1815-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி ஜிப்ரால்டரில் பிறந்தவர் ராக்லண்ட். சின்ன வயதிலேயே தாய், தந்தையை இழந்துவிட்டார். உறவினர்தான் வளர்த்தார்.

படிப்பில் கெட்டிக்காரர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் சேர்ந்தார். 1841-ல் நடந்த கணிதத் தேர்வில் பல்கலைக்கழகத்திலேயே 4-வது இடம். அந்தத் தேர்வில் முதல் பத்துக்குள் வந்துவிட்டாலே இங்கிலாந்தில் ராஜ மரியாதை. கல்லூரியும் அவரை விடவில்லை. தன்னுடைய ஃபெல்லோ ஆக்கிக் கொண்டது. தங்க இடம், சாப்பாடு, மரியாதை, காலத்துக்கும் கவலை இல்லை. அவருக்கு என்ன குறைச்சல்?

ஆனால் மனசு அங்கே நிற்கவில்லை. சி.எம்.எஸ். என்ற மிஷன் சங்கத்தில் பெயர் கொடுத்துவிட்டு கப்பல் ஏறினார். 1846-ல் சென்னையில் இருந்தார்.

சென்னையில் அவருக்குக் கொடுத்தது செயலாளர் வேலை. கடிதம், கணக்கு, பணப்பட்டுவாடா. கணக்குப் புலிக்கு அது ஒரு பெரிய விஷயமே இல்லை. ஆனால் அந்த வேலையாக நெல்லைக்கு வந்து போனபோதுதான் அவர் கண்ணில் ஒரு குறை பட்டது.

தெற்கே கூட்டம், வடக்கே வெறிச்

நெல்லையில் புராட்டஸ்டண்ட் சபையின் கதை 1778-ல் ஆரம்பிக்கிறது. அந்த வருடம்தான் பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற பெண் ஞானஸ்நானம் பெற்றார். 1820-ல் ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டை வந்த பிறகு சபைகள் மளமளவென்று பெருகின.

மெய்ஞ்ஞானபுரம், டோனாவூர், நல்லூர், சுரண்டை என்று ஒவ்வொரு ஊரும் ஒரு மிஷன் தலைமையிடம் ஆனது. பங்களா, பள்ளிக்கூடம், கோவில் எல்லாம் எழும்பின.

அதில்தான் சிக்கலும் இருந்தது. இருக்கிற சபைகளைக் கவனிக்கவே ஐயர்மார்களுக்கு நேரம் போதவில்லை. கல்யாணம், அடக்கம், பள்ளிக்கூடம், பஞ்சாயத்து என்று பொழுது போய்விடும். வடக்கே கரிசல் காட்டுப் பக்கம் எட்டிப் பார்க்க ஆள் இல்லை.

பருத்தி விளையும் பூமி. தமிழோடு தெலுங்கும் புழங்கும் ஊர்கள். நூற்றுக்கணக்கான கிராமங்கள். சங்கரன்கோவில் வட்டாரமும் அதில் அடக்கம்.

ராக்லண்ட் போட்ட கணக்கு இதுதான். ஒரு ஊரில் பங்களா கட்டினால் அந்த ஊரோடு கட்டிப்போட்டது மாதிரி ஆகிவிடும். வடக்கே போகிறவன் வீடு கட்டக்கூடாது. கூடாரத்தில்தான் இருக்க வேண்டும்.

மரத்தடியில் குடித்தனம்

1854-ல் வேலை தொடங்கியது. டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற இரண்டு இளைஞர்கள் கூடச் சேர்ந்தார்கள். 3 பேருக்கும் கூடாரம்தான் வீடு.

ஒரு தோப்பில் கூடாரம் அடிப்பார்கள். காலையும் மாலையும் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போய்ப் பேசுவார்கள். அந்தப் பக்கம் முடிந்ததும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த இடம். ஒரு ஊரும் விட்டுப்போகக் கூடாது என்பதில் ராக்லண்ட் குறியாக இருந்தார்.

கேட்பதற்குச் சுலபம். ஆனால் சித்திரை வெயிலில் கரிசல் காட்டில் ஒரு நாள் நின்று பார்த்தால்தான் தெரியும். மழை பெய்தாலோ களிமண் காலை விடாது. அன்றைக்கு அந்தப் பக்கம் ரயிலும் கிடையாது, பஸ்ஸும் கிடையாது.

மாசத்துக்கு ஒரு உபதேசியார்

இவ்வளவு பெரிய சீமையை 3 வெள்ளைக்காரர்கள் சுற்றி முடிக்க முடியுமா? முடியாது. அதற்கு நடந்த ஏற்பாடுதான் இந்தக் கதையின் முக்கியமான கட்டம்.

தெற்கே உள்ள சபைகள் தங்கள் உபதேசியார்களை வடக்கே அனுப்பின. மாதக் கணக்கில் முறை போட்டு ஆள் வந்தது. ஒருவர் முறை முடிந்து ஊருக்குத் திரும்பினால் அடுத்தவர் வருவார். அவர்கள் செலவை வெளிநாட்டுப் பணத்தில் கொடுக்கவில்லை. தெற்கத்தி சபை மக்களே காணிக்கை போட்டுக் கொடுத்தார்கள்.

அந்த மக்கள் ஒன்றும் பணக்காரர்கள் அல்ல. பனை ஏறியும் கூலி வேலை செய்தும் பிழைத்த குடும்பங்கள் அவர்களில் ஏராளம். அதுவரை வாங்கிக்கொண்டிருந்த சபை, கொடுக்கப் பழகிய சபையாக மாறியது.

உடம்பு விடவில்லை

ராக்லண்டுக்கு உடம்பு ஒத்துழைக்கவே இல்லை. நெஞ்சு நோய் தொல்லை கொடுத்தது. அவர் நினைத்திருந்தால் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

கோதுமை மணி மண்ணில் விழுந்து செத்தால்தான் பலன் தரும் என்பது பைபிளில் வரும் உவமை. ஊழியம் பலிக்க அதுதான் சரியான வழி என்று அவர் நம்பினார். அப்படியே நடந்தது.

1858-ம் ஆண்டு அக்டோபர் 22-ந் தேதி சிவகாசியில் நுரையீரலில் இருந்து ரத்தம் பீறிட்டது. சிறிது நேரத்தில் உயிர் பிரிந்தது. அப்போது வயது 43 தான். கல்யாணம் ஆகவில்லை.

வடக்கே வந்து ஐந்து வருடம்கூட ஆகவில்லை. அவர் காலத்தில் அங்கே ஞானஸ்நானம் பெற்றவர்கள் கொஞ்சம் பேர்தான். மேலோட்டமாகப் பார்த்தால் தோல்வி என்றே தோன்றும்.

விதைத்தது முளைத்தது

ஆனால் வேலை நிற்கவில்லை. ஃபென்னும் மெடோஸும் தொடர்ந்தார்கள். வடக்கே ஒவ்வொன்றாகச் சபைகள் எழும்பின.

தெற்கத்தி மக்கள் பழகிய பழக்கமும் விட்டுப்போகவில்லை. 1903-ம் ஆண்டு பிப்ரவரி 12-ந் தேதி நெல்லை இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. முழுக்க இந்தியர் பணம், இந்தியர் ஆள். அதற்குப் பாடுபட்ட வெள்ளாளன்விளை அசரியா, 1912-ல் தோர்ணக்கல் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர் ஒருவர் பேராயர் ஆனது அதுதான் முதல் தடவை.

நிர்வாகமும் வளர்ந்தது. 1896-ல் நெல்லை தனி அத்தியட்சாதீனம் ஆனது. 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் சேர்ந்தது. 2003-ல் தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் தனியாகப் பிரிந்தது. பல சபை சேர்ந்தால் சேகரம், சேகரங்கள் எல்லாம் சேர்ந்தால் திருமண்டலம் என்பது இன்றைய அமைப்பு.

ராக்லண்ட் சுற்றிய சீமையும் பிரிந்துவிட்டது. சங்கரன்கோவில் பக்கம் நெல்லைத் திருமண்டலம். சிவகாசி பக்கம் மதுரை-ராமநாதபுரம் திருமண்டலம். சர்க்கார் கணக்கிலும் அப்படித்தான். 1910-ல் ராமநாதபுரம் மாவட்டம் வந்தபோது சிவகாசி நெல்லையை விட்டுப் போனது. இப்போது அது விருதுநகர் மாவட்டம். சங்கரன்கோவிலோ 2019-ல் இருந்து தென்காசி மாவட்டம்.

டோனாவூரில் வாழ்ந்த எமி கார்மைக்கேல் அம்மையார், ராக்லண்டின் வாழ்க்கையைத் தனிப் புத்தகமாகவே எழுதினார். ஆனாலும் அவர் பெயரைச் சொன்னால் இன்று பலருக்குத் தெரியாது. அவர் கோபுரம் கட்டவில்லை, பங்களா கட்டவில்லை. கூடாரம் அடித்த இடத்தில் தடயம் ஏது?

சபையார் தங்கள் கைக்காசைப் போட்டு இன்னொரு ஊருக்கு ஆள் அனுப்பும் பழக்கம் மட்டும் நெல்லைச் சீமையில் இன்றைக்கும் இருக்கிறது. ராக்லண்ட் ஐயர் விட்டுப்போன சொத்து அதுதான்.