வெளியே பார்க்காமல் விமானம் ஓட்டிய வீரர்

1929-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி. அமெரிக்காவில் நியூயார்க் நகருக்கு அருகே இருந்த மிட்செல் பீல்டு விமான தளம்.

அங்கே ஒரு சிறிய விமானம் நின்றது. அதில் முன்னும் பின்னுமாக இரண்டு இருக்கைகள். பின் இருக்கையில் குட்டையான ஒரு மனிதர் ஏறி உட்கார்ந்தார். அவர் தலைக்கு மேலே துணிக் கூண்டு ஒன்றை இழுத்து மூடினார்கள். இனி அவருக்கு வானமும் தெரியாது, தரையும் தெரியாது. கண் முன்னே கருவிகள் மட்டுமே!

அந்த நிலையில் அவர் விமானத்தைக் கிளப்பினார். சுமார் 15 நிமிடம் பறந்தார். புறப்பட்ட இடத்திலேயே பத்திரமாக இறங்கினார்.

அதற்கு முன் உலகில் யாரும் செய்யாத காரியம் அது. செய்தவர் பெயர் ஜேம்ஸ் டூலிட்டில். எல்லோரும் அவரை ஜிம்மி என்றே அழைத்தார்கள்.

முரட்டுப் பையன்

ஜிம்மி 1896-ல் கலிபோர்னியா மாகாணத்தில் பிறந்தார். தந்தை தங்கம் தேடி அலாஸ்காவுக்குப் போனவர். பனி மூடிய அந்த ஊரில்தான் ஜிம்மி வளர்ந்தார். உருவம் சிறியது. பள்ளிக்கூடத்தில் பெரிய பையன்களைச் சமாளிக்கக் குத்துச்சண்டை கற்றுக்கொண்டார்.

1917-ல் ராணுவ விமானப் படையில் சேர்ந்தார். 1922-ல் அமெரிக்காவை ஒரு கரையில் இருந்து மறுகரை வரை ஒரே நாளில் பறந்து கடந்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் 21 மணி 19 நிமிடம். துணிச்சல்காரர் என்று நாடே பேசியது.

ஆனால், துணிச்சல்காரர்களில் எத்தனை பேர் மறுபடியும் பள்ளிக்கூடம் போவார்கள்? ஜிம்மி போனார். மாசசூசெட்ஸ் தொழில் நுட்பக் கல்விக் கழகத்தில் படித்து, 1925-ல் டாக்டர் பட்டம் வாங்கினார்.

உடம்பு சொல்லும் பொய்

படிக்கும்போது அவர் ஒன்றை ஆராய்ந்தார். தரை தெரியாவிட்டாலும், காற்று எந்தப் பக்கம் இருந்து அடிக்கிறது என்று சொல்லிவிட முடியும் என்று விமானிகள் பலர் நம்பினார்கள். உடம்பே சொல்லிவிடுமாம்! ஜிம்மி பலத்த காற்றில் பறந்து சோதித்தார். அந்த நம்பிக்கை தவறு என்று கண்டார். தரையைப் பார்த்தால்தான் காற்று தெரிகிறது.

காற்று மட்டும் அல்ல. தட்டாமாலை சுற்றிய குழந்தையைப் பாருங்கள். அது நின்ற பிறகும் வீடு சுற்றுவது போலத் தோன்றும். காதுக்குள் இருக்கும் உறுப்பு செய்யும் வேலை அது. மேகத்துக்குள் போன விமானிக்கும் இதே கதிதான். விமானம் மெல்லச் சாய்ந்து வளையும். அவருக்கு அது தெரியாது. நேராகப் போவதாகவே நினைப்பார். திருத்தி நேராக்கினால், மறுபக்கம் சாய்ந்துவிட்டது போல இருக்கும். உடனே பழைய சாய்வுக்கே திரும்புவார். விமானம் சுழன்று சுழன்று கீழே வரும். இப்படி மாண்டவர்களில் கெட்டிக்கார விமானிகளும் உண்டு.

ஜிம்மியும் தப்பித்த கதை ஒன்று இருக்கிறது. 1929 மார்ச் மாதம் ஒரு நாள் இரவு மூடுபனியில் மாட்டிக்கொண்டார். எங்கும் இறங்க வழி இல்லை. கடைசியில் ஓர் இடத்தில் விமானத்தை மோதித்தான் நிறுத்தினார். விமானம் நொறுங்கியது. அவருக்குக் காயம் இல்லை.

பம்பரம் தந்த வழி

அப்போது அவர் மிட்செல் பீல்டில் ஓர் ஆராய்ச்சிக்குப் பொறுப்பேற்றிருந்தார். பணம் கொடுத்தது கக்கன்ஹைம் என்ற செல்வர் குடும்பத்தின் நிதி. மூடுபனியை வெல்வதே வேலை.

விமானத்தில் அதற்கு முன்பும் கருவிகள் இருந்தன. ஒன்று திரும்புவதைக் காட்டும். ஒன்று வேகத்தைக் காட்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, விமானம் எப்படி இருக்கிறது என்று விமானிதான் மனக்கணக்குப் போட வேண்டும். உயிர் ஊசலாடும்போது கணக்கு வருமா?

பார்த்ததும் புரியும் கருவி வேண்டும் என்று ஜிம்மி நினைத்தார். தாமே ஒரு படம் வரைந்து, எல்மர் ஸ்பெரி என்ற பெரிய நிபுணரிடம் கொண்டு போனார். ஒரே முகத்தில் எல்லாம் வேண்டாம், இரண்டு கருவிகளாகச் செய்வது சுலபம் என்று ஸ்பெரி யோசனை சொன்னார். வேலையைத் தம் மகனிடம் ஒப்படைத்தார்.

சுழலும் பம்பரம் சாயாமல் நிற்கும் அல்லவா? அதுதான் சூட்சுமம். முதல் கருவியில் தொடுவானம் போல ஒரு கோடு. அதன் முன் ஒரு குட்டி விமானப் பொம்மை. விமானம் சாய்ந்தால் கோடும் சாய்ந்து தெரியும். வெளியே பார்த்தால் எப்படித் தெரியுமோ, அப்படியே! இரண்டாவது கருவி திசையை ஆடாமல் காட்டியது. பால் கோல்ஸ்மன் என்பவர், உயரத்தை மிக நுட்பமாகக் காட்டும் கருவி ஒன்றைச் செய்து கொடுத்தார். ரேடியோவுக்கும் ஒரு கருவி இருந்தது. அதில் இரண்டு நாக்குகள் நடுங்கும். வழியில் சரியாகப் போனால் இரண்டு கோடுகளும் சம நீளமாகத் தெரியும். விலகினால் ஒன்று நீளும்.

அன்று முன் இருக்கையில் கெல்சி என்ற விமானி இருந்தார். ஆபத்து வந்தால் காப்பாற்றுவதற்காக! அவர் கைகளை வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டார். கடைசி வரை எதையும் தொடவில்லை. இறங்கியது அவ்வளவு அழகாக இல்லை என்பது ஜிம்மியின் சொந்தக் கருத்து.

மேசை விரிப்பு

1942 ஏப்ரல் 18-ந் தேதி, 16 குண்டு வீச்சு விமானங்களுடன் ஜப்பானைத் தாக்கப் போனவரும் இதே ஜிம்மிதான். அன்று இரவு சீனாவின் மேலே ஒரே மழை, இருட்டு. கருவிகளைப் பார்த்தே மேகத்தில் பறந்தார். பெட்ரோல் தீர்ந்ததும் பாராசூட்டில் குதித்து, ஒரு நெல் வயலில் விழுந்தார். அவருடன் வந்த நால்வரும் பிழைத்தனர்.

1993 செப்டம்பர் 27-ந் தேதி, 96-ம் வயதில் ஜிம்மி காலமானார்.

வெளியே பார்க்காமல் பறந்த அந்த நாள் இரவு, அவர் வீட்டில் விருந்து நடந்தது. வந்தவர்கள் வெள்ளை மேசை விரிப்பில் கையெழுத்துப் போட்டார்கள். மனைவி ஜோ அந்தக் கையெழுத்துகளின் மேல் நூலால் தையல் போட்டு வைத்தார். பிறகு வந்த விருந்தாளிகளும் கையெழுத்திட்டார்கள். பெயர்கள் 500-க்கு மேல் சேர்ந்தன. அந்த விரிப்பு வாஷிங்டன் ஸ்மித்சோனியன் காட்சிசாலைக்குப் போய்ச் சேர்ந்தது.