ஓவியம் வராத கணித மேதை

கணிதமேதைன்னா நமக்கு உடனே ராமானுஜன்தான் ஞாபகம் வருவார். இந்த முறை நான் பிரான்ஸ் நாட்டு மேதை ஒருவரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அவர் பெயர் ஹென்றி புவான்காரே.

1854 ஏப்ரல் 29-ல் நான்சி என்ற ஊரில் பிறந்தார். அப்பா டாக்டர். ஐந்து வயதில் டிப்தீரியா நோய் வந்து பல மாதம் பேச முடியாமல் கிடந்தார். கண் பார்வையும் மங்கல். கரும்பலகை தெரியாததால் பாடத்தைக் காதால் கேட்டே மனசில் பதிய வைத்தார். ஓவியமோ சுத்தமாக வராது! (எனக்கும்தான்.) ஆனாலும் 1873-ல் பாரிஸின் எக்கோல் பாலிடெக்னிக்கில் முதல் மாணவராகச் சேர்ந்தார்.

பிறகு சுரங்க இன்ஜினியர் ஆனார். 1879-ல் ரோன்ஷாம் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து 16 பேர் இறந்தார்கள். இவரே உள்ளே இறங்கித் தேடினார். ஒரு பாதுகாப்பு விளக்கில் விழுந்திருந்த ஓட்டைதான் காரணம்னு கண்டுபிடித்தார்.

அந்த வருடக் கடைசியில் கான் நகரில் கணித ஆசிரியர் ஆனார். சைன் சார்பின் மதிப்பு 360 டிகிரிக்கு ஒரு தடவை திரும்ப வரும், இல்லையா? அதைவிடச் சிக்கலான முறையில் திரும்பத் திரும்ப வரும் ஒரு வகைச் சார்புகள் இருக்கவே முடியாதுன்னு நிரூபிக்க 15 நாள் போராடினார். ஒரு ராத்திரி கடுங்காப்பி குடித்துவிட்டுத் தூக்கம் வராமல் கிடந்தார். விடிந்தபோது, அவை உண்டுன்னு தெரிந்துவிட்டது!

1880-ல் ஒரு சுற்றுலா. கூத்தான்ஸ் என்ற ஊரில் வண்டிப் படியில் கால் வைத்தார். பளிச்சென்று ஒரு எண்ணம்! அந்தச் சார்புகளை மாறாமல் வைத்திருக்கும் அசைவுகளும் யூக்ளிட் அல்லாத வடிவியலின் அசைவுகளும் ஒன்றேதான்!

அது என்ன வடிவியல்னு கேக்குறீங்களா? நம்ம புத்தகப்படி, கோட்டுக்கு வெளியே உள்ள ஒரு புள்ளி வழியாக ஒரே ஒரு இணைகோடுதான் வரையலாம். போல்யாயும் லொபாசெவ்ஸ்கியும் கண்ட வடிவியலில் எத்தனை வேண்டுமானாலும் வரையலாம். அந்த வினோத உலகத்தை ஒரு வட்டத்துக்குள் அடக்கி, தன் ஆராய்ச்சிக்கு வேலை வாங்கினார் புவான்காரே. ஓவியம் வராதவர் செய்த இந்த வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

இவை இன்று ஆட்டோமார்ஃபிக் சார்புகள் எனப்படுகின்றன. நம்ம ராமானுஜன் 1916-ல் ஆராய்ந்த மாடுலர் வடிவங்களும் இந்தக் குடும்பம்தான்! 350 வருடத்துக்கு மேல் யாருக்கும் பிடிபடாத ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை 1994-ல் ஆண்ட்ரூ வைல்ஸ் முடித்ததும் இவற்றை வைத்துத்தான்.

புவான்காரே 1912 ஜூலை 17-ல், 58 வயதில் மறைந்தார். ஒரு பாடம் வரலைன்னா நாம் எதற்கும் லாயக்கில்லைன்னு அர்த்தம் இல்லை. நல்லா வர்றதை விடாம பிடிச்சுக்குவோம் நண்பர்களே!

— 11-ஆம் வகுப்பு 'அ' பிரிவு