கூட்டத்துக்கு மட்டும் சிவாஜி!

ராஜபாளையம்:
ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பழைய காங்கிரஸ் என்றால் குமாரசாமி ராஜாவும் காமராஜரும்தான். அந்த காமராஜரை நம்பி காங்கிரசுக்குப் போனவர் நடிகர் திலகம் சிவாஜி கணேசன்.

அண்ணா நாடகத்தில் வீர சிவாஜியாக நடித்து, பெரியாரிடம் சிவாஜி பட்டம் வாங்கியவர். தி.மு.க.வின் செல்லப்பிள்ளை. 1956-ல் திருப்பதிக்குப் போனார். அவ்வளவுதான்... கழகத்துக்காரர்கள் வறுத்தெடுத்து விட்டார்கள்! வெளியேறியவர், பிறகு ஈ.வெ.கி.சம்பத் கட்சி வழியாக காங்கிரசுக்கு வந்தார்.

அங்கே என்ன நடந்தது? கூட்டம் சேர்க்க சிவாஜி, பதவிக்கு வேறு ஆள்!

1967-ல் எம்.ஜி.ஆரை தி.மு.க. பரங்கிமலையில் நிறுத்தி எம்.எல்.ஏ. ஆக்கியது. அதே தேர்தலில் நம்ம விருதுநகரில் காமராஜரே 1,285 ஓட்டில் தோற்றார். சிவாஜிக்கோ காங்கிரஸ் கடைசி வரை சட்டசபை சீட்டே கொடுக்கவில்லை. மாநிலத் தலைவர் பதவியும் கிடையாது. 1982-ல் நியமன ராஜ்யசபா எம்.பி. பதவி வந்தது, அதோடு சரி.

எம்.ஜி.ஆர். மறைந்ததும் ஜானகி அரசை ஆதரிக்கணும் என்றார் சிவாஜி. டெல்லி மேலிடம் காதிலேயே போட்டுக் கொள்ளவில்லை. வெறுத்துப் போய் 1988-ல் தனிக்கட்சி கண்டார்.

1989-ல் திருவையாறில் நின்றார். 10,643 ஓட்டில் தோல்வி. ஜெயித்தது யார் தெரியுமா? அவர் முதலில் இருந்த அதே தி.மு.க.!

கட்சியை ஜனதா தளத்தில் கரைத்தார். 2001 ஜூலை 21-ல் மறையும் வரை மறுபடி தேர்தலில் நிற்கவே இல்லை.